சும்மா இருப்பதற்கும் செலவு உண்டு

அமெரிக்காவின் வடகிழக்குக் கோடியில், மெய்ன் மாநிலத்தின் மவுண்ட் டெசர்ட் தீவுக்குத் தெற்கே 15 கிலோமீட்டர் கடலைக் கடந்தால் கிரேட் டக் என்ற குட்டித் தீவு வரும். பரப்பு 237 ஏக்கர்தான். லீச் ஸ்டார்ம் பெட்ரல் என்ற கடற்பறவை அங்கே மண்ணில் வளை தோண்டி, அதற்குள் முட்டையிட்டு அடைகாக்கிறது. எந்த மாதிரி வளையை அது தேர்ந்தெடுக்கிறது, அடைகாக்கும் நாட்களில் உள்ளே வெப்பமும் ஈரமும் எப்படி மாறுகின்றன என்பதெல்லாம் உயிரியலாளர்களுக்குத் தெரிய வேண்டும். கையை விட்டுப் பார்க்கவும் முடியாது. அடைகாக்கத் தொடங்கிய முதல் இரண்டு வாரங்களில் தொந்தரவு செய்தால் பறவை வளையையே கைவிட்டுப் போய்விடக்கூடும்.

2002 கோடையில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தாரும், பெர்க்லியில் இருந்த இன்டெல் ஆய்வகத்தாரும், மெய்னில் உள்ள காலேஜ் ஆஃப் தி அட்லாண்டிக்கின் உயிரியலாளர்களும் சேர்ந்து இதற்கு ஒரு வழி கண்டார்கள். உள்ளங்கையில் அடங்கும் 32 கருவிகளை வளைகளுக்குள்ளும் வெளியிலும் வைத்தார்கள். ஒவ்வொன்றிலும் வெப்பம், ஈரப்பதம் முதலியவற்றை அளக்கும் சென்சார்கள், ஒரு மைக்ரோகன்ட்ரோலர், ஒரு சிறு ரேடியோ, சுவர்க் கடிகாரத்தில் போடும் ஏஏ வகை பேட்டரி இரண்டு. இவை எல்லாம் சேர்ந்த ஒரு பெட்டியைக் கணு என்பார்கள். கணுக்கள் கம்பியில்லாமல் ஒன்றோடொன்று பேசி, அளவுகளைக் கடத்திக் கரைசேர்த்தால் அது சென்சார் வலைப்பின்னல்.

அவர்களுக்கு இருந்த நிபந்தனை ஒன்றுதான்: பறவைகள் வந்து போகும் ஒரு பருவம் முழுவதும், அதாவது 9 மாதம், யாரும் பேட்டரி மாற்றப் போகக் கூடாது. மாற்றப் போனால் கருவி வைத்ததன் நோக்கமே கெட்டுவிடும். வன்பொருளின் ஒவ்வொரு பாகமும் இந்த ஒரே நிபந்தனைக்குக் கட்டுப்பட வேண்டியிருந்தது. எந்தப் பாகம் எவ்வளவு வேகமானது என்ற கேள்வி பின்னால் போய், எது எவ்வளவு குறைவாக உண்கிறது என்ற கேள்வி முன்னால் வந்தது.

தினப்படி 8 மில்லி ஆம்பியர் மணி

அவர்கள் போட்ட கணக்கு எளிமையானது. பேட்டரியிலிருந்து உருப்படியாக எடுக்கக்கூடியது 2,200 மில்லி ஆம்பியர் மணி என்று வைத்துக்கொண்டார்கள். 270 நாட்களால் வகுத்தால் ஒரு நாளுக்கு 8.148 மில்லி ஆம்பியர் மணி. சராசரியாக எந்நேரமும் 0.34 மில்லி ஆம்பியர்தான் எடுக்கலாம். சாதாரணமான ஒரு எல்.ஈ.டி. விளக்கை மட்டும் விடாமல் எரித்தாலே இதைப்போலப் பல மடங்கு வேண்டும்.

அடுத்ததாக, கருவி செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு விலை போட்டார்கள். அதற்கு அலகு நானோ ஆம்பியர் மணி, அதாவது ஒரு மில்லி ஆம்பியர் மணியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ரேடியோவில் ஒரு தகவல் பொட்டலம் அனுப்ப 20. ஒன்றைப் பெற 8. சென்சாரிலிருந்து ஒரு அளவு எடுக்க ஏறக்குறைய 1. ஃபிளாஷ் நினைவகத்தில் எழுத 83. இதுவரை எல்லாம் சில்லறைச் செலவுகள். பட்டியலில் இன்னொரு வரியும் உண்டு: ரேடியோ ஒரே ஒரு மில்லி விநாடி காது கொடுத்துக் கேட்க 1.25.

அந்தக் கடைசி எண் பார்க்கச் சிறியது. கணக்குப் போட்டால்தான் அதன் கொடுமை தெரியும். ஒரு நாளைக்கு உரிய 8.148 மில்லி ஆம்பியர் மணியை முழுக்கப் பொட்டலம் அனுப்பவே செலவிட்டால் 4 லட்சத்துக்கு மேல் அனுப்பலாம். முழுக்கக் கேட்பதற்கே செலவிட்டால் 1 மணி 48 நிமிடத்தில் தீர்ந்துவிடும். ரேடியோவை நாள் முழுவதும் திறந்து வைத்தால் பேட்டரி சுமார் 20 நாள்தான் தாங்கும்.

கேட்பதுதான் பெருஞ்செலவு

பேசுவதற்குத்தான் அதிக சக்தி வேண்டும், கேட்பது இலவசம் என்றே பலரும் நினைக்கிறோம். பெரிய வானொலி நிலையத்துக்கும் வீட்டு டிரான்சிஸ்டருக்கும் அது பொருந்தும். சில பத்து மீட்டர் தூரத்துக்குப் பேசும் சிறு ரேடியோக்களில் நிலைமை வேறு. அவை காற்றில் விடும் சக்தி ஒரு மில்லி வாட் அளவுதான். ஆனால் காற்றிலிருந்து வரும் மிக மெல்லிய அலையைப் பிடிக்க பெருக்கி ஓட வேண்டும். அலைவரிசையை இறக்க உள்ளே ஓர் அலையியற்றி ஓட வேண்டும். வடிகட்டி, பிரித்தறியும் சுற்று எல்லாம் விழித்திருக்க வேண்டும். யாரும் பேசாத நேரத்திலும் இவை அத்தனையும் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

2005இல் பெர்க்லி குழு வெளியிட்ட டெலோஸ் என்ற கணுவின் அளவுகளில் இது தெளிவாகத் தெரியும். 1 மில்லி வாட்டில் அனுப்பும்போது மின்னோட்டம் 19.5 மில்லி ஆம்பியர். பெறும்போது, மைக்ரோகன்ட்ரோலரையும் சேர்த்து, 21.8 மில்லி ஆம்பியர். கேட்பது அனுப்புவதை விடச் சற்று அதிகமாகவே உண்கிறது.

ஆகவே ரேடியோவை மூட வேண்டும். மூடினால் பக்கத்துக் கணு கூப்பிடுவது எப்படிக் கேட்கும்? இந்தச் சிக்கலுக்குத்தான் பல வகை நெறிமுறைகள் வந்தன. பெர்க்லியில் 2004இல் உருவான பி-மேக் முறையில் ஒவ்வொரு கணுவும் குறித்த இடைவெளியில் சில மில்லி விநாடி மட்டும் கண்விழித்து, காற்றில் ஏதாவது அலை இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் உடனே ரேடியோவை அணைத்துவிடும். அனுப்ப விரும்பும் கணு, அந்த இடைவெளி முழுவதும் ஒரு முன்னறிவிப்பு அலையை நீட்டிக்கொண்டே இருக்கும். எப்போது விழித்தாலும் பெறுபவருக்கு அது அகப்பட்டுவிடும்.

இதில் யார் சுமையைத் தூக்குகிறார் என்று பார்க்க வேண்டும். விநாடிக்கு ஒரு முறை 5 மில்லி விநாடி விழித்தால், 20 மில்லி ஆம்பியர் ரேடியோவின் சராசரிச் செலவு 0.1 மில்லி ஆம்பியருக்கு இறங்கிவிடும். இருநூறில் ஒரு பங்கு. ஆனால் 10 மில்லி விநாடியில் முடிந்திருக்க வேண்டிய ஒரு பொட்டலத்துக்காக அனுப்புபவர் ஒரு விநாடி முழுக்கக் கூவ வேண்டும். நூறு மடங்கு. அடிக்கடி பேசும் வலைப்பின்னலுக்கு இடைவெளியைக் குறைக்க வேண்டும். எப்போதாவது பேசும் வலைப்பின்னலுக்குக் கூட்ட வேண்டும். இரண்டுக்கும் பொருந்தும் ஒரே எண் கிடையாது. பறவை வளைக்கு ஒரு கணக்கு, நிலச்சரிவு எச்சரிக்கைக்கு வேறொரு கணக்கு.

விழிப்பு கொஞ்சம், தூக்கம் நெடுநேரம்

கேட்கும் வேலையே இல்லாத, அளந்து அனுப்பிவிட்டுத் தூங்கும் ஒரு கணுவை எடுத்துக்கொள்வோம். டெலோஸ் போன்ற ஒன்று. 5 நிமிடத்துக்கு ஒரு முறை விழிக்கிறது. 50 மில்லி விநாடி அளக்கிறது, அதற்கு 1.8 மில்லி ஆம்பியர். 10 மில்லி விநாடி அனுப்புகிறது; அதற்கு 20 மில்லி ஆம்பியர். மற்ற நேரமெல்லாம் தூக்கம், அப்போது 5.1 மைக்ரோ ஆம்பியர். ஒரு நாளில் 288 விழிப்புகள்.

கூட்டிப் பார்த்தால் அனுப்புவதற்கு ஒரு நாளில் 0.016 மில்லி ஆம்பியர் மணி, அளப்பதற்கு 0.007, தூக்கத்துக்கு 0.122. மொத்தச் செலவில் 84 சதவீதம் எதுவும் செய்யாமல் இருந்ததற்கே போகிறது. விழிக்கும்போது எடுக்கும் மின்னோட்டம் நான்காயிரம் மடங்கு அதிகமானாலும், விழிப்பு அவ்வளவு குறுகியது. தூக்கம் அவ்வளவு நீண்டது.

குறைந்த மின்சார வன்பொருளில் அனுபவமுள்ளவர்கள் இதனால்தான் ஒரு சில்லின் தகவலேட்டைப் பிரித்ததும் வேகத்தைப் பார்ப்பதில்லை. தூக்க மின்னோட்டம் எவ்வளவு, தூக்கத்திலிருந்து எழ எவ்வளவு நேரம் என்ற இரண்டையும் முதலில் தேடுகிறார்கள். இரண்டாவது எண்ணுக்கும் காரணம் உண்டு. எழும்போது சுற்றுகள் மின்சாரம் எடுக்கும், வேலை ஒன்றும் நடக்காது. டெலோஸுக்கு முந்தைய மைக்கா-2 கணுவின் மைக்ரோகன்ட்ரோலர் எழ 180 மைக்ரோ விநாடி எடுத்தது. டெலோஸில் இருந்த டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் எம்எஸ்பி430 எழ 6 மைக்ரோ விநாடி போதும். சட்டென எழ முடிந்தால், ஒரு சிறு வேலை முடிந்து அடுத்தது வரும்வரை உள்ள நொடிப்பொழுதிலும்கூடத் தூங்கப் போகலாம்.

மேலே போட்ட கணக்கின்படி அந்தக் கணு ஒரு நாளில் எடுப்பது 0.146 மில்லி ஆம்பியர் மணி. 2,200ஐ அதனால் வகுத்தால் 41 ஆண்டு வரும். எந்த அல்கலைன் பேட்டரியும் அத்தனை காலம் கெடாமல் இருக்காது; அலமாரியில் சும்மா வைத்தாலே பத்து ஆண்டுக்குள் முதுமை தட்டிவிடும். கணுவின் பசி பேட்டரியின் சொந்தத் தேய்மானத்தை விடக் குறைந்துவிட்டது என்று பொருள். நல்ல வடிவமைப்பு எட்ட வேண்டிய இடம் இது.

பலகையில் ஒளிந்திருக்கும் கசிவுகள்

ஏட்டில் 41 ஆண்டு காட்டும் கருவி, செய்து வைத்தால் பத்து மாதத்தில் அணைந்துபோவதும் உண்டு. சில்லு ஏமாற்றுவதில்லை. மின்சுற்றுப் பலகையில் சில்லைச் சுற்றியுள்ள சின்னப் பாகங்களில்தான் விஷயம் இருக்கிறது.

ஒரு 10 கிலோ ஓம் மின்தடையை எடுத்துக்கொள்வோம். உள்ளீட்டுக் கம்பியை மேல்நிலையில் பிடித்துவைக்கப் பயன்படும், எல்லாப் பாடப்புத்தகச் சுற்றிலும் இருக்கும் பாகம். அந்தக் கம்பியை ஒரு கதவு சுவிட்சோ காந்த சுவிட்சோ எந்நேரமும் தரையோடு இணைத்து வைத்திருந்தால், 3 வோல்ட்டில் 300 மைக்ரோ ஆம்பியர் ஓயாமல் ஓடும். நாளுக்கு 7.2 மில்லி ஆம்பியர் மணி. நம் கணுவின் ஆயுள் 41 ஆண்டிலிருந்து 300 நாளுக்குக் குறையும். சொட்டுச் சொட்டாக ஒழுகும் குழாய் விடிவதற்குள் வாளியை நிரப்பிவிடும் கதைதான் இது. அதே இடத்தில் 1 மெகா ஓம் போட்டிருந்தால் 3 மைக்ரோ ஆம்பியரோடு போயிருக்கும். சில்லே விழிக்கும் நேரத்தில் மட்டும் அந்த மின்தடைக்கு மின்சாரம் கொடுத்தால் இன்னும் நல்லது.

பேட்டரி அளவை அறியச் சிலர் இரண்டு மின்தடைகளை வரிசையாக இணைத்து வோல்ட்டேஜைப் பிரிப்பார்கள். இரண்டும் 10 கிலோ ஓம் என்றால் 150 மைக்ரோ ஆம்பியர் எந்நேரமும் வீண். நாளுக்கு ஒரு முறை பார்க்க வேண்டிய அளவுக்காக நாள் முழுவதும் கசிவு. இங்கும் ஒரு டிரான்சிஸ்டர் சுவிட்ச் வைத்து, அளக்கும் கணத்தில் மட்டும் இணைப்பதே முறை.

வோல்ட்டேஜை நிலைப்படுத்தும் ரெகுலேட்டர் இன்னொரு கசிவு. எல்லோருக்கும் பழக்கமான 7805 ரெகுலேட்டர், தன்னிடம் யாரும் எதுவும் கேட்காதபோதும், தான் உயிரோடிருக்க மட்டும் சில மில்லி ஆம்பியர் எடுக்கும். பல ஆயிரம் மடங்கு குறைவாக, ஒரு மைக்ரோ ஆம்பியருக்குள் எடுக்கும் ரெகுலேட்டர்கள் இன்று உள்ளன. ரெகுலேட்டரே இல்லாமல் நேராகப் பேட்டரியில் ஓடும் சில்லுகளைத் தேர்ந்தெடுப்பது அதைவிடச் சிறந்தது. டெலோஸ் அப்படித்தான் செய்தது. 1.8 வோல்ட் வரை இறங்கினாலும் ஓடும் பாகங்களை வைத்து, ஒவ்வொரு ஏஏ பேட்டரியையும் 0.9 வோல்ட் வரை, ஏறக்குறையக் கடைசிச் சொட்டு வரை, பயன்படுத்தியது. 2.7 வோல்ட்டில் படுத்துவிடும் சில்லு பேட்டரியில் கணிசமான பங்கை மிச்சம் வைத்துவிட்டுச் செத்துப்போகும்.

எங்கும் இணைக்காமல் அந்தரத்தில் விட்ட உள்ளீட்டுக் கால் ஒன்று போதும். அது உயர்நிலைக்கும் தாழ்நிலைக்கும் நடுவில் மிதக்கும்போது, உள்ளே இருக்கும் இரண்டு டிரான்சிஸ்டர்களும் பாதி திறந்து, மின்சாரம் நேராகத் தரைக்கு ஓடும். இதைவிடத் தந்திரமான கசிவு ஒன்று உண்டு. சென்சாருக்கான மின்சாரத்தைத் துண்டித்து அதைத் தூங்கவைத்துவிட்டதாக நினைப்போம். ஆனால் அதோடு பேசும் தகவல் கம்பி உயர்நிலையில் இருந்தால், சென்சாருக்குள் இருக்கும் பாதுகாப்பு டையோடு வழியாக மின்சாரம் கொல்லைப்புறமாக நுழையும். சென்சார் அரைகுறை உயிரோடு தொடர்ந்து உண்டுகொண்டிருக்கும். மின்சாரத்தைத் துண்டிக்கும்போது தகவல் கம்பிகளையும் தாழ்நிலைக்குக் கொண்டுவர வேண்டும்.

கடைசியாக ஈரம். பாகங்களைப் பற்றவைத்தபோது தங்கிய ஃபிளக்ஸ் கசடும் காற்றின் ஈரமும் உப்பும் சேர்ந்தால், பலகையின் மேற்பரப்பே ஒரு மின்தடையாகிவிடும். மெகா ஓம் மதிப்புள்ள பாகங்களை நம்பியிருக்கும் சுற்றுக்கு அது போதும் கணக்கைக் கெடுக்க. கிரேட் டக் தீவில் கணுக்களின் பலகைகளுக்குப் பாரிலீன் என்ற மெல்லிய பிளாஸ்டிக் படலம் பூசித்தான் அனுப்பினார்கள். பலகையைச் சுத்தமாகக் கழுவுவதும், காப்புப் பூச்சு பூசுவதும் அழகுக்காகச் செய்யும் வேலைகள் அல்ல. மின்சாரச் சிக்கனத்தில் அவையும் சேர்ந்தவை.

பேட்டரியின் குணம்

பேட்டரி மேல் அச்சிட்ட எண்ணை ஆயுளால் வகுத்து முடித்துவிடுபவர்கள் உண்டு. சிஆர்2032 என்ற பொத்தான் பேட்டரி 225 மில்லி ஆம்பியர் மணி அளவு கொண்டது. பத்து ஆண்டு என்பது 87,600 மணி நேரம். சராசரியாக 2.5 மைக்ரோ ஆம்பியர் எடுக்கலாம். கணக்குச் சரி. ஆனால் அந்தப் பேட்டரி மெல்ல மெல்லக் கொடுக்கப் பிறந்தது. ரேடியோ திடீரென 20 மில்லி ஆம்பியர் கேட்டால் திணறும். முதுமையாலோ குளிராலோ அதன் உள்தடை 50 ஓம் ஆகியிருந்தால், அந்தக் கணத்தில் 1 வோல்ட் உள்ளேயே விழுந்துவிடும். 3 வோல்ட் 2 ஆகும். சில்லு மயங்கி, மறுபடி தொடங்கும். தொடங்கியதும் அனுப்பப் பார்க்கும், மறுபடி மயங்கும். பேட்டரியில் பாதி மிச்சமிருக்கும்போதே கணு இந்தச் சுழலில் சிக்கிச் செத்துப்போகும்.

மருந்து, பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு மின்தேக்கி. பேட்டரி அதை மெதுவாக நிரப்பும். ரேடியோ அதிலிருந்து வேகமாக அள்ளிக்கொள்ளும். 20 மில்லி ஆம்பியரை 5 மில்லி விநாடிக்குக் கொடுத்து, வோல்ட்டேஜ் 0.3க்கு மேல் விழாமல் காக்க, சுமார் 330 மைக்ரோ ஃபாரட் வேண்டும். கையில் கிடைத்த எலக்ட்ரோலிடிக் மின்தேக்கியைப் போட்டால் வேறொரு பிரச்சினை வரும். அந்த வகையின் ஏட்டு வரம்பின்படி கசிவு 20 மைக்ரோ ஆம்பியர் வரைகூடப் போகலாம். முழுக் கணுவுக்கும் 2.5 மைக்ரோ ஆம்பியர்தான் ஒதுக்கியிருக்கிறோம்! மருந்து நோயை விடப் பொல்லாததாகிவிடும். கசிவு குறைந்த வகையைத் தேடித்தான் போட வேண்டும்.

சுவிட்சர்லாந்தின் மேட்டர்ஹார்ன் சிகரத்தில் 2008 முதல் இயங்கிய பெர்மாசென்ஸ் திட்டம் இந்தப் பாடங்களை எல்லாம் கடுங்குளிரில் எழுதிப்பார்த்த திட்டம். 2003ஆம் ஆண்டின் கொடும் கோடையில் உறைபனி இளகி அங்கே பெரும் பாறைச் சரிவு நேர்ந்தது. பாறைப் பிளவுகளின் அசைவைத் தொடர்ந்து அளக்க, 3,500 மீட்டர் உயரத்தில் கணுக்களைப் பொருத்தினார்கள். மூன்று ஆண்டு பேட்டரி மாற்றாமல் ஓட வேண்டும் என்பது இலக்கு. குளிரையும் நெடுங்காலத்தையும் தாங்கும் லித்தியம் தயோனைல் குளோரைடு பேட்டரியைத் தேர்ந்தெடுத்தார்கள்; தானாகத் தேய்வது அதில் ஆண்டுக்கு ஒரு சதவீத அளவுதான். ரேடியோ விழித்திருக்கும் நேரத்தை ஆயிரத்தில் இரண்டு பங்கு அளவுக்குக் குறைக்கும் டோசர் என்ற நெறிமுறை கைகொடுத்தது. இங்கும் ஆயுளைத் தந்தது பேட்டரியின் பருமன் மட்டும் இல்லை. எல்லாப் பாகங்களும் ஒரே சிக்கனத்துக்கு இசைந்து நடந்ததுதான்.

சில்லுக்குள் நடப்பது

ஒரு டிஜிட்டல் சுற்று நிலை மாறும் ஒவ்வொரு முறையும் உள்ளே இருக்கும் நுண்ணிய மின்தேக்கங்கள் நிரம்பிக் காலியாகின்றன. அதற்கு ஆகும் செலவு வோல்ட்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. வோல்ட்டேஜைப் பாதியாக்கினால் ஒரு கணிப்புக்கு ஆகும் ஆற்றல் கால் பங்காகும். வேகம் குறையும்; இருந்தாலும் பறவை வளையின் வெப்பத்தை அளக்க வேகம் எதற்கு? சென்னையில் பிறந்து, பின்னாளில் எம்ஐடி-யின் பொறியியல் புலத் தலைவரான அனந்த சந்திரகாசன், பெர்க்லியில் மாணவராக இருந்தபோது சாமுவேல் ஷெங், ராபர்ட் பிரோடர்சன் ஆகியோருடன் 1992இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இந்த வழியை முறையாக வகுத்துக் காட்டியது. வோல்ட்டேஜைக் குறைத்து, இழந்த வேகத்தைச் சுற்றின் அமைப்பால் ஈடுகட்டலாம் என்பது அதன் சாரம். கைப்பேசி முதல் கணு வரை, சிக்கனமாக ஓடும் எந்தச் சில்லிலும் அந்தச் சிந்தனையின் தடம் இருக்கிறது.

குறைத்துக்கொண்டே போகலாமா? ஓர் எல்லை உண்டு. வோல்ட்டேஜ் மிகவும் குறைந்தால் சுற்று அவ்வளவு மெதுவாகிவிடும், ஒரு வேலை முடிவதற்குள் டிரான்சிஸ்டர்களின் கசிவு சேர்ந்து சேர்ந்து மிச்சப்பட்டதைத் தின்றுவிடும். எம்ஐடி-யில் ஆலிஸ் வாங்கும் சந்திரகாசனும் உருவாக்கிய ஒரு கணிப்புச் சில்லு 0.18 வோல்ட்டிலும் ஓடியது. ஆனால் ஒரு கணிப்புக்கு ஆகும் ஆற்றல் மிகக் குறைந்தது 0.35 வோல்ட்டில்தான். ஓட முடிகிற மிகக் குறைந்த வோல்ட்டேஜ் வேறு, மிகச் சிக்கனமான வோல்ட்டேஜ் வேறு.

கசிவை ஒழிப்பதில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஃபீனிக்ஸ் சில்லு ஒரு மைல்கல். 2008இல் வெளிவந்த அது தூக்கத்தில் எடுத்தது 30 பிகோ வாட். டெலோஸ் கணு முழுவதும் தூங்கும்போது எடுக்கும் சக்தியில் ஏறக்குறைய 5 லட்சத்தில் ஒரு பங்கு. அதை உருவாக்கியவர்கள் அன்றைய மிகப் புதிய, மிக நுண்ணிய தயாரிப்பு முறையைத் தேடவில்லை. பழைய 180 நானோமீட்டர் முறையை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தார்கள். டிரான்சிஸ்டர் சிறிதாகச் சிறிதாக வேகம் கூடும், கசிவும் கூடும். வாழ்நாளில் பெரும்பகுதியைத் தூக்கத்தில் கழிக்கப் போகும் சில்லுக்குப் பழைய முறையே பொருத்தம் என்று தெளிவாகக் கண்டார்கள். புதியது எல்லாம் சிக்கனமானது என்ற நம்பிக்கைக்கு இது நல்ல பதில்.

நேரம் தவறாத கணு

எல்லாக் கணுக்களும் முன்பே பேசிவைத்த நேரத்தில் மட்டும் விழித்தால் நீண்ட முன்னறிவிப்பு அலையே வேண்டாம். 2012இல் வந்த ஐஇஇஇ 802.15.4இ தரத்தில் உள்ள நேர ஒழுங்கு முறை அப்படிப்பட்டது. ஆனால் அதற்கு எல்லோர் கடிகாரமும் ஒத்துப்போக வேண்டும். கணுக்களில் கடிகாரமாக இருப்பது கைக்கடிகாரத்தில் உள்ள அதே விநாடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் படிகம். தூக்கத்திலும் அணையாமல் ஓடுவது அது ஒன்றுதான். பத்து லட்சத்தில் 20 பங்கு பிழை அதற்கு இயல்பு. ஒன்று முந்தி, மற்றொன்று பிந்தினால், ஒரு நிமிடத்தில் இரண்டும் 2.4 மில்லி விநாடி விலகிவிடும். ஆகவே பெறுபவர் அவ்வளவு முன்னதாக ரேடியோவைத் திறந்து, அவ்வளவு தாமதமாக மூட வேண்டும். கடிகாரப் பிழை நேராகப் பேட்டரிச் செலவாக மாறும் இடம் இது.

வெப்பமும் இதில் கைவைக்கும். இந்தப் படிகங்கள் 25 டிகிரியில் சரியாக ஓடும்படி வெட்டப்பட்டவை. வெயிலில் பெட்டிக்குள் 55 டிகிரி ஏறினால் பத்து லட்சத்தில் மேலும் 30 பங்கு பிந்தும். நிழலில் ஒரு கணு, வெயிலில் ஒரு கணு என்றால் இரண்டின் நேரமும் பிரிந்துகொண்டே போகும். வெப்பத்தை அளந்து அதற்கேற்ப நேரத்தைத் திருத்திக்கொள்ளும் கணு, ரேடியோவைத் திறந்துவைக்கும் நேரத்தைக் குறைத்துக்கொள்ளும். வெப்ப சென்சார் அதனிடம் ஏற்கெனவே இருக்கிறது.

அளக்காமல் நம்பாதீர்கள்

இத்தனையும் சரியாகச் செய்தோமா என்று அறிய அளக்க வேண்டும். அதிலும் ஒரு பொறி. தூக்கத்தில் 5 மைக்ரோ ஆம்பியர், விழிப்பில் 20 மில்லி ஆம்பியர். நான்காயிரம் மடங்கு வித்தியாசம். மல்டிமீட்டரை மைக்ரோ ஆம்பியர் நிலையில் வைத்து வரிசையில் இணைத்தால், அதற்குள் 100 ஓம் அளவுக்குத் தடை இருக்கலாம். ரேடியோ விழித்த கணத்தில் 2 வோல்ட் அங்கேயே விழுந்து கணு அணைந்துவிடும். அதற்கென்றே அளவு எல்லையைத் தானாக மாற்றிக்கொள்ளும் கருவிகள் உண்டு.

அவை இல்லாதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. கசிவு குறைந்த 1,000 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கியைப் பேட்டரி வோல்ட்டேஜுக்கு நிரப்பி, தூங்கும் கணுவை அதிலிருந்து ஓடவிடுங்கள். 60 விநாடி கழித்து வோல்ட்டேஜைப் பாருங்கள். 0.3 வோல்ட் விழுந்திருந்தால் கணு எடுப்பது 5 மைக்ரோ ஆம்பியர். 3 விநாடிக்குள்ளேயே அவ்வளவு விழுந்தால் 100 மைக்ரோ ஆம்பியர். எங்கோ கசிகிறது என்று பொருள். மீட்டரை இடையில் இணைத்தே வைத்திருக்காமல் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் தொட்டுப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மீட்டரும் தன் பங்குக்குக் கொஞ்சம் எடுக்கும். பிறகு ஒவ்வொரு பாகமாகக் கழற்றி மறுபடி அளந்தால் கசியும் இடம் அகப்படும்.

பேட்டரி சீக்கிரம் தீர்கிறது என்றால் பெரிய பேட்டரியையோ சூரியத் தகட்டையோ சேர்க்கத்தான் முதலில் தோன்றும். ஆனால் கசிவு அப்படியே இருக்கும். வயலிலும் காட்டிலும் அணையிலும் சில நூறு கணுக்களை வைத்துவிட்டு, ஆறு மாதத்துக்கொரு முறை பேட்டரி மாற்ற ஆள் அனுப்பும் திட்டம் நிலைக்காது. ஆள்கூலி கருவியின் விலையை விழுங்கிவிடும். தீர்ந்த பேட்டரிகள் மண்ணில் வேறு சேரும். சென்சார் வலைப்பின்னல் செய்ய முனையும் மாணவர்களிடமும் இளம் பொறியாளர்களிடமும் கேட்டுக்கொள்வது இதுதான்: பேட்டரியை மாற்றுவதற்கு முன் தூக்க மின்னோட்டத்தை அளந்துவிடுங்கள். தகவலேட்டில் உள்ள எண்ணும் உங்கள் பலகையில் வரும் எண்ணும் ஒத்துப்போகும்வரை வேலை முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒத்துப்போய்விட்டால், சாதாரண ஏஏ பேட்டரி இரண்டே பல ஆண்டுகளுக்குப் போதும்.